தொட்டில் வரி

நாவல்மேடு பஞ்சாயத்து போர்டு ஆபீசில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதைத் திறந்தால் பணம் இருக்கும், அல்லது இருக்காது. இருந்தால் இருக்கிறது என்றும், இல்லாவிட்டால் இல்லை என்றும் குமாஸ்தா பரந்தாமன் நோட்டில் எழுதி வைப்பார். வெகு காலமாக இந்தக் காட்டுமிராண்டி வழக்கம்தான் நடந்து வந்தது. அயனம்பாக்கத்து ஏரிக்கும் வானகரத்துக்கும் நடுவே கிடக்கிற ஒரு சிற்றூரில் இதற்குமேல் நாகரிகத்தை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஊரைக் கடைத்தேற்றியவர் போர்டு பிரசிடெண்ட் ஜம்புலிங்கம். செங்கல் சூளை வைத்திருந்தார், நிலம் வைத்திருந்தார், மீசை வைத்திருந்தார். சர்க்கார் கொடுக்கும் ராவ் சாகிப் பட்டம் ஒன்றுதான் இல்லை. அந்தக் குறை அவரைச் சோறு தின்னவிடாமல் அரித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவர் நன்றாகவே தின்றுகொண்டிருந்தார்.

ஒரு சமயம் பட்டணத்தில் ஒரு சங்கத்தில், கம்பெனிக் கணக்குகளைப் பார்க்கிற பெரிய மனிதர் ஒருவர் பேசுவதைக் கேட்கப் போனார். "பெரிய கம்பெனிகள் பணம் எப்போது கைக்கு வந்தது என்று பார்ப்பதில்லை. எப்போது பாத்தியப்பட்டது என்றுதான் பார்க்கின்றன. வரவேண்டிய நாள் வந்துவிட்டால் அது வரவு. கொடுக்கவேண்டிய நாள் வந்துவிட்டால் அது செலவு" என்றார் அந்த மனிதர். சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தான் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை ஒரு ஸ்தாபனம் மூடி மறைக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவர் அந்தப் பேச்சையே எடுத்தார். ஆனால் அந்த இடம் வருவதற்குள் பூந்தமல்லி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஜம்புலிங்கம் பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. ரொக்கக் கணக்கு ஒழிந்தது. பாத்தியக் கணக்கு வந்தது. இரும்புப் பெட்டியில் ஒரு கரப்பான்பூச்சி மட்டும் வசித்துவந்த அந்தச் சமயத்தில், நோட்டில் பணம் புரள ஆரம்பித்தது. ஜம்புலிங்கத்தின் செங்கல் சூளை வருஷக்கணக்காகக் கட்டாமல் வைத்திருந்த வரி முழுவதும் ஒரே நாளில் வரவாகிவிட்டது. வரவாகிவிட்டதை யாராவது இரண்டாம் தரம் கேட்பார்களா? ஜம்புலிங்கம் அத்தோடு நிற்கவில்லை. தனக்கு வரவேண்டிய பட்டமும் வந்துவிட்டதாகவே வைத்து, கடிதக் காகிதத்தில் 'ராவ் சாகிப்' என்று அச்சடித்துக்கொண்டார்.

இந்த முன்னேற்றமெல்லாம் நடந்தது வேம்புலிக்குத் தெரியாது. அவன் ஊர்க் கத்தரிக்காயை மாட்டுவண்டியில் ஏற்றிப் பட்டணத்துக் கொத்தவால் சாவடிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவன். வண்டிவரி கட்ட ஆபீசுக்கு வந்தபோதுதான் பரந்தாமன் புதுக் கணக்கை அவனுக்கு விளக்கினார். வேம்புலி வாயைப் பிளந்து கேட்டான். கடைசியில் அவன் முகம் மலர்ந்தது.

"அப்போ நான் கட்டவேண்டிய நாளு வந்துட்சி இல்ல நைனா? கட்டனதா எயுதிக்கோ. நான் வர்றேன்."

"ஏய், நில்லு! பாத்தியக் கணக்கு போர்டுக்கு. உனக்கு ரொக்கம்தான்."

"அது இன்னா நைனா நாயம்?"

"நியாயம் இல்லைய்யா, இது கணக்கு. துட்டை எடு."

வேம்புலி எடுத்து வைத்தான். அவனுக்கு அப்போது யாரோடும் சண்டை போட மனசில்லை. ஊரில் யார் என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவான் போலிருந்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவன் பெண்டாட்டி வடிவு முழுகாமல் இருந்தாள். வேண்டாத தெய்வம் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. இருவருமே விட்டுவிட்டு, மாடுகளையே பிள்ளைகளாக நினைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வடிவுக்கு ஒருநாள் காலையில் வாந்தி வந்தது.

போர்டுக்குச் சொந்தமாக ஒரு பிரசவ விடுதி இருந்தது. ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு பீங்கான் பேசின். அங்கே மருத்துவச்சியாக இருந்தவள் ஞானகுமாரி. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று வந்தவள். தை மாதத்தில் வடிவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேம்புலியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"புள்ளை தலை மேல இருக்குதுப்பா. திரும்பினாலும் திரும்பும். திரும்பலைன்னா கால்தான் முதல்ல வரும். பயப்படாதே, நான் நெறைய பாத்திருக்கேன். ஆனா வலி எடுத்த உடனே என்னைக் கூப்பிடணும். அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களை வெச்சுக்கினு பாத்துக்கலாம்னு இருந்துடாதே."

"உன்னய உட்டா எங்களுக்கு யாரு கீறாங்கம்மா?" என்றான் வேம்புலி. அன்று அவன் மனசில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது. யாரும் அவன் பிள்ளையைப் பற்றி அதுவரை அவ்வளவு விவரமாகப் பேசியதில்லை.

ஞானகுமாரிக்குப் புதுக் கணக்கு வேறு விதமாகப் புரிந்தது. சம்பள நாள் வந்தது, சம்பளம் வரவில்லை. அடுத்த மாதமும் அப்படியே. அவள் நேரே பிரசிடெண்டிடமே போய்க் கேட்டாள்.

"அம்மா, உங்கள் சம்பளம் மாதம் முடிந்த அன்றே உங்களுக்குச் சேர்ந்துவிட்டது" என்றார் ஜம்புலிங்கம் மிகுந்த மரியாதையுடன். "செலவு எழுதியாகிவிட்டது. நான் கையெழுத்தும் போட்டுவிட்டேன்."

"கைக்கு வரலையே சார்."

"அது கையைப் பற்றிய விஷயம். கணக்கைப் பற்றியது அல்ல."

"அரிசிக் கடைக்காரர் கையைத்தான் சார் பாக்கறார்."

"அவர் இன்னும் ரொக்கத்திலேயே இருக்கிறார், பாவம். நாளடைவில் திருந்துவார்."

அரிசிக் கடைக்காரர் திருந்தவில்லை. ஞானகுமாரி மாசி மாதத்தில் தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நசரத்பேட்டையில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது பரந்தாமனிடம், "வேம்புலி சாவடிக்குப் போயிருக்கான். வந்ததும் நான் அண்ணன் வீட்டுல இருக்கேன்னு கட்டாயம் சொல்லிடுங்க. ஆள் அனுப்பினா ஓடி வந்துடறேன்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பரந்தாமன் சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை, ஒழுங்கானவர். மருத்துவச்சியின் சம்பளம் மாதாமாதம் செலவெழுதப்பட்டு வந்தது. ஆகவே மருத்துவச்சி இருந்தாள். இருக்கிறவள் போய்விட்டாள் என்று போர்டு குமாஸ்தாவே சொல்லித் திரிந்தால் கணக்கு என்னாவது? விடுதி வாசலில் 'மருத்துவச்சி உள்ளே இருக்கிறார்' என்று ஒரு பலகை தொங்கியது. அதைத் துடைத்து வைக்கச் சொன்னார்.

வருஷ முடிவு நெருங்கியது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் போர்டுக்கு ஜில்லாவிலிருந்து மானியம் உண்டு. ஆனால் மார்ச் மாத முடிவுக்குள் பிறந்ததாக இருக்க வேண்டும். பரந்தாமன் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு வயிற்றுப் பிள்ளைக்காரிகள் இருக்கிற வீடுகளாகப் பார்த்துப் புறப்பட்டார். வேம்புலி ஆபீஸ் வாசலிலேயே அகப்பட்டான்.

"உன் பொண்டாட்டிக்கு எப்போ?"

"பங்குனின்னு அந்தம்மா சொல்லிச்சி நைனா."

"பங்குனின்னா மார்ச்தான். சேர்ந்தாச்சு. என்ன குழந்தை?"

"இன்னும் பொறக்கலியே!"

"அதை நான் கேக்கலை. ஆணா பொண்ணா? காலி விடக்கூடாது."

வேம்புலி தலையைச் சொறிந்தான். வடிவுக்கு நடையில் வலது கால் முன்னே வருவதாக அண்டை வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். "ஆணுன்னு சொல்லிக்கீறாங்க" என்றான். பேர் என்ன என்றதற்கு, நெடுநாளாக மனசுக்குள் வைத்திருந்த தன் அப்பன் பேரைச் சொல்லிவிட்டான். பரந்தாமன் நிறுத்தி எழுதினார்: ஆண். கோதண்டம். தகப்பன் வேம்புலி. தாயும் சேயும் சுகம்.

வீட்டுக்கு வந்து அவன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். வடிவு சிரிக்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் பிறக்காத பிள்ளைக்கு ஒரு துண்டுத் துணிகூட வாங்கிவைக்க மாட்டார்கள்.

"வாயில போட்டு மென்னுக்கினு இருந்திருக்கக் கூடாதாய்யா அந்தப் பேரை? வவுத்துல கீற புள்ளைக்கு ஊர்ல பேரு வெச்சிட்டு வந்துகீறியே!"

"எயுதத்தானே செஞ்சாங்க. எயுதனா இன்னா ஆவும்?"

"தாயும் சேயும் சொகம்னா எயுதிக்கீறாங்க?"

"ஆமாமே."

அவள் "எயுதனபடியே ஆவட்டும்" என்று சொல்லி வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

மார்ச் கடைசியில் போர்டின் வருஷாந்தரக் கூட்டம் நடந்தது. பந்தல் போட்டார்கள். பந்தல்காரனுக்குக் கூலி பாத்தியப்பட்டது. அவன் அதை நெடுநாள் தேடிக்கொண்டிருந்தான். ஜம்புலிங்கம் ஜரிகைத் தலைப்பாகையோடு எழுந்து நின்றார்.

"மகாஜனங்களே! பழைய கணக்கில், ஒரு குழந்தை வெளியே வந்து அழுகிற வரைக்கும் இந்தப் போர்டு காத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஒரு சிசுவின் சௌகரியத்துக்காக ஒரு ஸ்தாபனம் காத்திருக்கலாமா? இது கௌரவமா? நாம் அதை மாற்றினோம். இன்று நமது பிரசவ விடுதியில் பிறந்த குழந்தைகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. பிறப்பதற்கு முன்பே கணக்கில் சேர்த்துவிட்டால் சாவு அண்டாது என்பதை நாவல்மேடு உலகத்துக்குக் காட்டிவிட்டது. பக்கத்து ஊர்களில் மருத்துவச்சிக்குச் சம்பளத்தைக் கையில் கொடுக்கிறார்கள். அவள் அதை வாங்கிச் செலவழித்துவிடுகிறாள். நம் மருத்துவச்சியின் சம்பளமோ ஒரு காசு குறையாமல் அப்படியே நம் நோட்டில் இருக்கிறது!"

எல்லோரும் கை தட்டினார்கள். குழந்தை பெற்ற தாய்மார்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வடிவு நிறைவயிற்றோடு மூச்சு வாங்க ஏறினாள். போட்டோ எடுப்பவர், குழந்தை எங்கே என்று கேட்டார். முன்வரிசையில் யாரோ பெற்ற குழந்தை ஒன்றை வாங்கி அவள் மடியில் வைத்தார்கள். அது அவள் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது. படம் எடுத்தாகிவிட்டது.

வடிவுக்கு வலி எடுத்தது ஏப்ரலில், ஒரு காலை வேளையில். வேம்புலி வண்டியில் ஏற்றிய மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு மருத்துவச்சியை அழைத்துவர விடுதிக்கு ஓட்டினான். 'மருத்துவச்சி உள்ளே இருக்கிறார்' என்றது பலகை. கதவில் பூட்டுத் தொங்கியது. கூப்பிட்டான், கதவைத் தட்டினான், காலால் உதைத்தான். பிறகு ஆபீசுக்கு ஓடினான்.

"நைனா, அந்தம்மா எங்க? பூட்டிக்கீது!"

"உள்ளே இருக்காங்கன்னு பலகை இருக்கே."

"பூட்டு வெளிய தொங்குது நைனா!"

"பதவியிலே இருக்காங்கய்யா. சம்பளம் ஏறிக்கிட்டு இருக்கு."

"எம் பொண்டாட்டிக்கு நோவு எடுத்துட்சி. சீக்கிரம் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

பரந்தாமன் பேரேட்டைப் புரட்டினார். விரலை வைத்து வாசித்தார். அவர் முகத்தில் உண்மையான குழப்பம் தெரிந்தது. "உனக்குப் பிள்ளை பிறந்து எத்தனையோ நாள் ஆச்சே. இதோ பார், கோதண்டம். தாயும் சேயும் சுகம்னு இருக்கு. நீ ஏன்யா அழறே?"

"ஐயோ, அது நீ எயுதனது நைனா! அவ ஊட்டுல துடிச்சிக்கினு கீறா!"

"ஒரே குழந்தையை ரெண்டாந்தரம் பிரசவம் பார்க்க போர்டில் வழியில்லை. பிரசிடெண்ட் தனி உத்தரவு போட்டால் உண்டு."

வேம்புலி சூளைக்கு ஓடினான். பிரசிடெண்ட் பூஜையில் இருந்தார். மணி அடிக்கிற வரை கைகட்டி நின்றான். அந்த நேரத்தில் அவன் நின்றிருக்கவே கூடாது. பின்னால் வாழ்நாளெல்லாம் அவன் தன்னைத் தானே கேட்டுக்கொண்டது அதைத்தான். ஆனால் கைகட்டி நிற்பதைத் தவிர வேறு எதையும் யாரும் அவனுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. பூஜை முடிந்து வந்த ஜம்புலிங்கம், "அடுத்த குழந்தையா? அதற்குள்ளா? பேஷ், பேஷ்! மனுப் போடு" என்று கற்பூரத் தட்டை நீட்டினார்.

கல் சுமக்கும் பெண் ஒருத்திதான் அவன் கோலத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அண்ணாத்தே, அந்தம்மா மாசியிலேயே பூட்டுக்கினு போயிட்சே! நசரத்பேட்டையில அண்ணங்காரன் ஊட்டுல கீது. உனக்கு யாரும் சொல்லலியா?"

மாடுகளை அதுவரை அடித்தே அறியாதவன் அன்று அடித்தான். ஞானகுமாரி மாவு பிசைந்த கையோடு அப்படியே வண்டியில் ஏறினாள். ஏன் இவ்வளவு நேரம் என்று வழியில் ஒரு தரம் கேட்டாள். அவன் நடந்ததைச் சொன்னான்.

அவர்கள் வந்தபோது கால்கள் வெளியே வந்திருந்தன. ஞானகுமாரி தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். தலை வந்தபோது குழந்தை நீலம் பாரித்திருந்தது. அதன் வாயில் வாய் வைத்து ஊதினாள், முதுகைத் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள். ஆண் குழந்தை. தலை நிறைய மயிர். வேம்புலியின் அப்பனைப் போல நெற்றி.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருப்பேம்மா" என்று ஞானகுமாரி வடிவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். வடிவு குழந்தையைக் கேட்டு வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து அதைப் பிரித்தெடுக்க வேம்புலிக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. ஏரிக்கரையில் ஒரு நொச்சிப் புதருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்தான்.

துக்கம் சற்று ஆறியதும், ஆறவில்லை என்றாலும் நடக்கத் தெம்பு வந்ததும், அவன் ஆபீசுக்குப் போனான். பொய்யாக எழுதியதை அடித்துவிடச் சொல்ல வேண்டும் என்று ஒரு வெறி. அன்று ஜில்லாவிலிருந்து கணக்குப் பரிசோதகர் திருவேங்கடம் வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"அடிக்க முடியாதப்பா. மானியம் வாங்கியாகிவிட்டது. உன் மகன் இல்லையென்றால் மானியத்தைத் திருப்ப வேண்டும். போர்டு எங்கே போகும்?"

"செத்துட்டான் சாமி. செத்துட்டான்னாச்சும் எயுதுங்க."

"அதில்தான் சிக்கல். எழுத வேண்டுமானால் அது பாத்தியப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மரணம் எல்லோருக்கும் பாத்தியப்பட்டதுதான், சந்தேகமில்லை. ஆனால் எப்போது என்று கெடு கிடையாது. கெடு இல்லாததைக் கணக்கில் கொண்டுவர விதி இல்லை." அவர் பெருமூச்சு விட்டார். "எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? நீ ஒன்று செய். உன் மகன் சுகமாக இருக்கிறான் என்று இதில் இருக்கிறதே, அதை நினைத்து ஆறுதல் அடை."

அவர் கேலி செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னார்.

சில மாதம் சென்று, அம்மை குத்துகிற தேவராஜ் ஊருக்கு வந்தார். போர்டு கொடுத்த பேர் ஜாபிதாவைப் பார்த்து வீடுவீடாகக் குழந்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், வேம்புலி வீட்டு வாசலில் நின்று உரக்க அழைத்தார்.

"கோதண்டம்! கோதண்டம் எங்கேம்மா?"

மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த வேம்புலி விறைத்துப்போனான். அந்த மனுஷனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடலாம் என்று எழுந்தான். அதற்குள் வடிவு வாசலுக்கு வந்துவிட்டாள். பிள்ளை போனதிலிருந்து யார் கூப்பிட்டாலும் வெளியே வராதவள்.

"யாரு?" என்றாள்.

"கோதண்டம், தகப்பன் வேம்புலி. இந்த வீடுதானே?"

"இந்த ஊடுதான்."

"பையனைக் கொண்டாம்மா."

வடிவு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "தூங்குறான்" என்றாள். "இப்பத்தான் தூங்கனான். அப்பறம் வாங்க."

தேவராஜ் கொடியைப் பார்த்தார். அதில் குழந்தைத் துணி ஒன்றுகூட இல்லை. அவளையும் பார்த்தார். பிறகு ஜாபிதாவில் 'பாக்கி' என்று குறித்துக்கொண்டு, "சரிம்மா, எழுப்பாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவருடைய சர்க்காரில் அவர் ஒருவருக்குத்தான் அன்று புத்தி இருந்தது.

அந்த வருஷம் போர்டு ஒரு புது வரி போட்டது. பிரசவ விடுதியால் பலன் அடைந்த வீடுகள் குழந்தை ஒன்றுக்கு வருஷம் இரண்டணா கட்ட வேண்டும். பேர், தொட்டில் வரி. வேம்புலி நோட்டீசைக் கசக்கி எறிந்தான். வடிவு அதை எடுத்து நீவினாள். சுருக்குப் பையைத் திறந்தாள்.

"போயி கட்டிட்டு வா."

"உனுக்குப் பைத்தியமாமே? இல்லாத புள்ளைக்கு இன்னாத்துக்கு வரி?"

"ஊர்ல வேற எவனாச்சும் அவனைப் பேரு சொல்லிக் கூப்புடறானா? எங்க அம்மா ஊட்டுலகூட அவன் பேச்சை எடுக்காதேன்றாங்க. அந்த ஆபீசுதான்யா கூப்புடுது."

அவன் போய்க் கட்டினான். ரசீதில் 'கோதண்டம்' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். வடிவு அதை வளைகாப்பு வளையல்களோடு தகரப் பெட்டியில் வைத்தாள். மறு வருஷமும் கட்டினான், அதற்கு அடுத்த வருஷமும். பங்குனி பிறந்தால் அவளே இரண்டணாவை எடுத்து வைத்துவிடுவாள். அன்றைக்கு மட்டும் தலைவாரிப் பூ வைத்துக்கொள்வாள். ரசீதை வாங்கி இரண்டு கையிலும் ஏந்திப் பார்ப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். அங்கே விரலை வைத்து, "நாலு வயசாவுது பாரு" என்பாள். வேம்புலிக்கு முதலில் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமா? சாவடிக்குப் போகும்போது யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், ஒரு பையன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

இப்படி இருக்கையில் ஜம்புலிங்கத்துக்கு வந்துவிட்ட பட்டம், வராமல் போயிற்று. பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். யுத்த காலம் வேறு. வீண் கணக்குகளை ஒழிக்கும்படி மேலிடத்திலிருந்து தாக்கீதும் வந்தது. ஜம்புலிங்கம் கூட்டத்தைக் கூட்டினார். கண் கலங்கியிருந்தது.

"மகாஜனங்களே! வரவேண்டியதை வந்ததாக நம்புவதைப்போலப் பாவம் வேறில்லை. அந்த வேதனையை நான் அனுபவித்துவிட்டேன். கையில் இருப்பதே மெய். இன்றுமுதல் மறுபடியும் ரொக்கக் கணக்கு. கைக்கு வராத எதுவும் நம் நோட்டில் இருக்கக்கூடாது. அடித்துவிடுங்கள்!"

பரந்தாமன் சிவப்பு மையோடு உட்கார்ந்தார். சூளையின் வரிப் பாக்கி கைக்கு வரவில்லை, ஆகவே அப்படி ஒரு பாக்கியே இல்லை. அடித்தார். ஞானகுமாரியின் சம்பளம் கையிலிருந்து போகவில்லை, ஆகவே அவள் வேலையே செய்யவில்லை. அடித்தார். வாங்கிய மானியம் மட்டும் ரொக்கமாக வந்தது என்பதால் அதை அடிக்கவில்லை.

அந்தப் பங்குனியில் வேம்புலி இரண்டணாவோடு வந்து நின்றான்.

"உனக்கு இனிமே வரி இல்லைய்யா. சந்தோஷமாப் போ. அந்தப் பிள்ளை கணக்கை அடிக்கப் போறோம்."

"இன்னாத்துக்கு நைனா? நான் வருஷா வருஷம் ஒழுங்காத்தானே கட்டிக்கினு வர்றேன்?"

"நீதானேய்யா அன்னிக்கு அடிக்கச் சொல்லி அழுதே?"

"அது அன்னிக்கி. இப்ப வாணாம் நைனா. வோணும்னா நாலணாவாக் கட்டறேன். அவன் பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறான். உனக்கு இன்னா நஷ்டம்?"

"கைக்கு வராதது கணக்கில் இருக்கக்கூடாதுன்னு உத்தரவு."

"கைக்கு வந்தான் நைனா" என்றான் வேம்புலி. இரண்டு கைகளையும் நீட்டினான். "இந்தக் கையிலதான் வாங்கனேன். இந்தக் கையாலதான் கொண்டுபோனேன்."

பரந்தாமன் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மறுபடியும் பேனாவை எடுத்தார்.

"அப்படின்னா செத்துட்டான்னாவது எயுது நைனா" என்று வேம்புலி மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "பொறந்தான், செத்தான்னு எயுது. பொறக்கவே இல்லன்னு ஆக்கிடாதே. அவ தாங்க மாட்டா."

"வரவு இல்லாத இடத்தில் செலவு எழுத முடியாது, வேம்புலி" என்றார் பரந்தாமன். குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை. கோதண்டத்தின் மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார். மை காய்வதற்கு ஊதினார்.

வேம்புலி வெகுநேரம் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தான். நொச்சி நன்றாக வளர்ந்திருந்தது. கேட்பார் இல்லாமல் அந்த இரண்டணா மடியில் கனத்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனான்.

வடிவு தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். தகரப் பெட்டியைத் திறந்தே வைத்திருந்தாள்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்."

"ரசீது?"

அவன் மாட்டை அவிழ்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அப்பறமாத் தர்றாங்களாம்" என்றான். "பாக்கி நிக்குது."

வடிவு அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் காத்து, பிறகும் இத்தனை வருஷம் காத்தவள். அவன் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியாதா?

"சரி" என்றாள். பெட்டிக்குள் பழைய ரசீதுகளைக் கொஞ்சம் ஒதுக்கி, புதியது ஒன்று வைக்கிற அளவுக்கு இடம் பண்ணினாள். "வரவேண்டியதுன்னா வந்துட்சின்னுதானேய்யா அர்த்தம்."

பெட்டியை மெதுவாக மூடினாள்.